டம்பர் கேமராவுக்கு ஆற்றுத் தண்ணீர்

1. பொட்டு வைத்த கேமரா

பூஜை லீவு முடிந்து வேலை தொடங்கிய முதல் காலை. இசக்கிப்பாண்டி சுண்ணாம்புக்கல் லோடோடு டம்பர் லாரியைக் கல் உடைக்கிற கிரஷருக்கு ரிவர்ஸ் எடுத்தான். கல்லைக் கொட்டுகிற பெரிய தொட்டிக்கு ஹாப்பர் என்று பெயர். அதன் விளிம்பில் பின்சக்கரம் முட்டி நிற்பதற்கென்று ஒரு கான்கிரீட் கட்டை இருக்கும். அன்றைக்குச் சக்கரம் முட்டி நிற்கவில்லை, கட்டை மேல் ஏறிவிட்டது. டம்பர் பின்னால் சாய்ந்து, முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தது. "ஏலே, நிப்பாட்டுலே! நிப்பாட்டு!" என்று கிரஷர் மேலே நின்றவர்கள் போட்ட கூச்சல் எங்கள் பட்டறை வரைக்கும் கேட்டது.

ஓடிப் போனேன். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியையும் லோடர் வைத்துப் பைய இழுத்துவிட்டார்கள். இசக்கி கீழே இறங்கி நின்றான். 

"என்னலே ஆச்சு?"

"தெரியல அண்ணாச்சி. டிஸ்பிளேல ஒரே வெள்ளையாப் போச்சு. கட்டையே தெரியல. இங்கனதான் இருக்கும்னு குத்துமதிப்பா வந்தேன்."

வண்டிக்குப் பின்னால் போய்க் கேமராவைப் பார்த்தேன். லென்ஸைச் சுற்றி மஞ்சள் கறை, ஓரத்தில் குங்குமம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதுக்கு மேல யாருலே பொட்டு வெச்சது?"

"நான்தான் அண்ணாச்சி. ஸ்டியரிங்குக்கு வெச்சேன், லைட்டுக்கு வெச்சேன், கண்ணாடிக்கு வெச்சேன். இதும் வண்டிக்குக் கண்ணுதான? இத மட்டும் விட்டா நல்லா இருக்குமா?"

"சரி, வெச்ச. பெறவு?"

"காலைல துண்ட வெச்சு நல்லா அழுத்தித் தொடைச்சேனே."

அந்த வருஷம்தான் எங்கள் குவாரி டம்பர்களுக்கெல்லாம் பின்பக்கக் கேமரா மாட்டியிருந்தோம். கேமரா பார்த்த முதல் ஆயுத பூஜை அது. பக்தியில் இசக்கி குறை வைக்கவில்லை. லென்ஸுக்கு நட்ட நடுவில், விரலால் அளந்து வைத்த மாதிரி வைத்திருக்கிறான். சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. அதை எடுக்கத் தோளில் கிடந்த துண்டைப் போட்டுத் தேய்த்திருக்கிறான். துண்டு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தூசி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. ஹெட்லைட் கண்ணாடி இதையெல்லாம் தாங்கும். கேமரா லென்ஸ் சுண்டைக்காய் அளவு, அது தாங்காது. வட்ட வட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது.

கீறல் விழுந்த லென்ஸில் மத்தியானம் கோளாறு ஒன்றும் தெரியாது, படம் ஓரளவு நன்றாகவே இருக்கும். எங்கள் ஹாப்பருக்கு ரிவர்ஸ் வரும்போது பின்பக்கக் கேமரா கிழக்கு பார்க்கும். காலை வெயில் நேராக லென்ஸில் அடிக்கும்போது ஒவ்வொரு கீறலும் மினுங்கி, திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். இசக்கிக்கு நடந்தது அதுதான்.

ஆனால் மைன்ஸ் மேனேஜர் வண்டியில் ஏறிப் பார்த்தது மத்தியானம். இறங்கி வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"மிக்கேல், டிஸ்பிளே நல்லாத்தானய்யா இருக்கு? எனக்கென்னமோ அவன் கண்ணுலதான் கோளாறுன்னு தோணுது. டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும். அதுவரைக்கும் அவன் சீட்டுல ஏற வேண்டாம்."

"சார், அது காலை வெயில்ல மட்டுந்தான்..."

"அப்படின்னா போட்டோ எடுத்துக் காட்டும்வே. நான் மாட்டேன்னா சொல்லுதேன்? நாளைக்கு வண்டியோட உள்ள போயிட்டான்னா அவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த வண்டி ரிவர்ஸ் வரும்போது கீழே நின்று கைகாட்ட ஒரு ஆளையும் போட்டார். இசக்கி அன்றைக்கே வண்டியை விட்டு இறங்கினான். ரோட்டுக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸ் பைப்பை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனபோது, இசக்கி பைப்பைத் தரையில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

2. ஜெசிந்தா

நான் யார் என்று சொல்லவில்லை. பிறந்தது கடற்கரை ஊரில். வீட்டில் எல்லோருக்கும் வள்ளமும் வலையும்தான் பிழைப்பு. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, கரையைத் தாண்டினாலே வாந்தி. "இவன் எங்களுக்குப் பொறந்தவனே இல்லலே" என்று சித்தப்பா சிரிப்பார். ஐ.டி.ஐ. படித்தேன், துறைமுகத்தில் கிரேன் மெயின்டனன்ஸ் பார்த்தேன், அப்புறம் இந்தக் குவாரி. இப்போது எலக்ட்ரிக்கல் ஆட்களில் நான்தான் மூத்தவன். புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஃபோர்மேன் கேட்டதால் எழுதுகிறேன். கேமரா வேலையைப் பற்றி எழுதுவதென்றால் என் மனைவியைப் பற்றியும் எழுதாமல் முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஜெசிந்தா முக்கூடல்காரி. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள். அவளுக்காகத்தான் நான் கடற்கரையை விட்டு முக்கூடலுக்குக் குடிவந்தேன். வந்த பிறகு அவள் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். இதை என்னவென்று சொல்வது? அவள் ஊரில் நான் இருக்கிறேன், அவள் இல்லை. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். அந்தப் படிப்புக்காகத்தான் இவள் போனது.

நான் சொல்லுகிற அந்த ஆயுத பூஜை சமயம், ஜெசிந்தாவின் ஒப்பந்தம் முடிய இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம். போடாவிட்டால் ஊருக்கு வந்துவிடலாம். "வந்துரு" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை படிப்பு பாதியில் நிற்கிறது, நான் எப்படிச் சொல்வேன்? அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். நான் சொல்ல வேண்டும் என்று அவள் இருந்தாளோ என்னவோ. அதைப் பேசாமலே தினமும் பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை முடிந்து பைக்கில் வந்து, முக்கூடல் படித்துறையில் உட்கார்ந்துதான் வீடியோ கால் போடுவேன். வீட்டுக்குப் போனால் சுவர்தான் இருக்கும். ஆற்றங்கரை என்றால் அவளுக்கும் பிடிக்கும்.

"எப்படி இருக்கிய? சாப்பிட்டியளா?"

"நல்லாருக்கேன். நீ?"

"எனக்கென்ன. ஒங்க மொகம்தான் தெளிவா விழ மாட்டேங்கு. நெட்டு சரியில்ல போல."

"ஆமா, ஆத்தங்கரைல டவரு கம்மி."

"ஆத்தக் கொஞ்சம் காட்டுங்க."

போனைத் திருப்பி ஆற்றைக் காட்டுவேன். "நல்லாருக்கு. தண்ணி நெறைய வருது" என்பாள். அப்புறம் ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாள்.

அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே கருத்துப் போனது தெரியும். யூனிஃபார்ம் தோளில் தொளதொளவென்று தொங்குவது தெரியும். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் இங்கே, என் பக்கத்தில், இந்தப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

3. தூசியைப் பற்றிக் கொஞ்சம்

இனித் தொழிலுக்கு வருவோம். தம்பிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். நேரில் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

கேமராவில் படம் மங்கினால் வண்டி ஓட்டுகிற ஆபரேட்டர் முதலில் டிஸ்பிளேயைத் திட்டுவான். அடுத்து வயரைத் திட்டுவான். அதற்கப்புறம் கம்பெனி வாங்கிப் போட்ட கேமராவே மட்டம் என்பான். பின்னால் இறங்கிப் போய் லென்ஸைப் பார்க்க மட்டும் மாட்டான். நான் எத்தனையோ தடவை டிஸ்பிளேயைக் கழற்றி, வயரைச் சோதித்து, கடைசியில் லென்ஸில் அப்பிக் கிடந்த தூசியைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அதனால்தான் "மொதல்ல லென்ஸப் பாருலே" என்று கத்துகிறேன். என்னைப் போலவே பேசிக் காட்டி நீங்கள் கேன்டீனில் சிரிப்பதும் எனக்குத் தெரியும்.

ஆனி ஆடிக் காற்றில் வருகிற தூசி காய்ந்த தூசி. அது தானாகவே பாதி பறந்துவிடும். மோசமானது மார்கழிப் பனி. ராத்திரி லென்ஸில் பனி இறங்கும், அதில் சுண்ணாம்புக்கல் மாவு ஒட்டும், காலை வெயிலில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அதை நகத்தால் சுரண்டினவன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும்.

இறுகினதை எடுக்க அவசரமே கூடாது. கையால் அமுக்கி ஊதுகிற ரப்பர் புளோயரை வைத்து முதலில் தளர்ந்த தூசியை ஊது. கம்ப்ரஸர் காற்றை அடிக்காதே. அதில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும், அடித்த பிறகு முன்னைவிட அதிகமாகத் தூசி ஒட்டும். ஊதின பிறகு தண்ணீரை ஊற்றி ஊறவிடு. கை வைக்காதே. தூசி தானாகக் கரைந்து ஓடட்டும். கடைசியில்தான் துணி, அதுவும் மெதுவாக, லென்ஸ் துடைக்கிற துணி. தோள் துண்டு, பனியன், சட்டை நுனி எதுவும் கூடாது.

அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதில்தான் நான் ஆரம்பத்தில் திணறிப் போனேன். குவாரி போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றித் துடைத்தால் காய்ந்ததும் லென்ஸில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஸ்டோரில் பேட்டரித் தண்ணீர் உண்டு, ஆனால் அது பேட்டரிக்கே பற்றாது. ஒருநாள் வீட்டிலிருந்து நான் குடிக்கக் கொண்டுபோன ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். புள்ளியே விழவில்லை. அன்றிலிருந்து காலையில் வரும்போது படித்துறையில் இறங்கி ஒரு கேனில் பிடித்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

"அண்ணாச்சி கேமராவுக்குத் தீர்த்தம் கொண்டு வாராருடோய்" என்று முதலில் கேலி பண்ணினவன் இசக்கிதான். இதை ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "எங்க ஆத்துத் தண்ணிய மெஷினுக்கு ஊத்துதியளா? எனக்கு இங்கன ஒரு சொம்பு கெடைச்சா குடிச்சிருவேன்" என்றாள்.  கேனை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

4. மேனேஜருக்கு எடுத்த போட்டோ

இசக்கி ஹோஸ் பைப்போடு நின்ற இரண்டாவது நாள் என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அவன் கியரு போடுத சத்தத்தக் கேக்க முடியல. என் வண்டிய அடிச்சு ஓட்டுதான். எப்படியாவது சாருகிட்ட சொல்லுங்க. கண்ணு டெஸ்டுக்கு வேணா நான் பத்துத் தடவ போறேன்."

"டெஸ்டுல என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னுட்டாங்க. ஆனா சாரு போட்டோ கேக்காரே."

மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்துக்கு அவன் டம்பர் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். ஹாப்பருக்கு ரிவர்ஸ் வரும்போது டிஸ்பிளேயை என் போனில் படம் எடுத்தேன். பிறகு இன்னொரு டம்பரில் ஏறி, அதே இடத்தில், கீறல் இல்லாத கேமராவின் டிஸ்பிளேயையும் எடுத்தேன். கேபின் டிஸ்பிளேயில் ஒன்று வெள்ளை, ஒன்று தெளிவு; எடுத்த படத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. இனி யாரும் பேச முடியாது என்று நிமிர்ந்து நடந்துபோய் மேனேஜர் மேஜையில் போனை வைத்தேன்.

அவர் முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மறுபடி முதல் படத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னய்யா மிக்கேல், ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கு?"

"இல்ல சார், ரெண்டாவது தெளிவா..."

"எங்கன தெளிவா? ரெண்டும் மோருத் தண்ணி மாதிரி இருக்கு." போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏன்வே, ஊருல உள்ள கேமராவெல்லாம் தொடைக்கீரு. ஒம்ம போனு கேமராவத் தொடைச்சது எப்போ?"

வாங்கிப் பார்த்தேன். பின்பக்கக் கேமரா மேல் சுண்ணாம்பு மாவு ஒரு படலமாகப் படிந்து, சட்டைப் பை வியர்வையில் நனைந்து காய்ந்து இறுகிக் கிடந்தது. மார்கழிப் பனித் தூசி என்று மேலே எழுதினேனே, அதேதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மொதல்ல லென்ஸப் பாருலே" என்று மேனேஜர் என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பட்டறைக்கு வந்து, கேனில் இருந்த ஆற்றுத் தண்ணீரைச் சொட்டுவிட்டு, ஊறவைத்து, முறைப்படி துடைத்தேன். மறுநாள் காலை மறுபடி எடுத்த படத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மேனேஜர் மறுபேச்சுப் பேசவில்லை. புதுக் கேமரா வாங்க எழுதினார், இசக்கியை வண்டியில் ஏறச் சொன்னார்.

புதுக் கேமரா மாட்டினபோது பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு வெட்டி லென்ஸுக்கு முன்னால் தொப்பி மாதிரி வைத்தேன். வெயிலும் மறையும், சேறும் தெறிக்காது. "பொட்டு வெக்கணும்னா இந்தத் தொப்பி மேல வை. கண்ணுக்குள்ள வெக்காத" என்றேன். இசக்கி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினான். "நீங்களே வெச்சு விடுங்க அண்ணாச்சி. ஒங்க கையால வெச்சாத்தான் இனிப் பெசகாது." கழுத்தில் ஜெபமாலையோடு நான் சந்தனம் தொட்டு வைத்தேன். எங்கள் சாமியார் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. எங்கள் குவாரியில் இப்போது எல்லா டம்பர் தொப்பிக்கும் நான்தான் பொட்டு வைக்கிறேன்.

5. படித்துறையில்

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். மேனேஜர் சிரித்த அன்றைக்குச் சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து போனை எடுத்தபோதுதான் பொறி தட்டியது. பின்பக்கக் கேமரா இந்த லட்சணத்தில் இருந்ததென்றால் முன்பக்கக் கேமரா?

திரையைத் தினமும் சட்டையில் துடைப்பேன், பளபளவென்றுதான் இருந்தது. வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தேன். திரைக்கு மேலே ஒட்டியிருந்த ஸ்கிரீன் கார்டு அட்டைக்கு அடியில், கேமரா இருக்கிற ஓட்டையில், தூசி நுழைந்து வெள்ளையாக அடைந்து கிடந்தது. மேலே எத்தனை துடைத்தாலும் அது போகாது. மூலையில் தபால்தலை அளவில் என் முகமும் தெரியும்தான். அதை யார் பார்த்தார்கள்? நான் அவளைத்தான் பார்ப்பேன்.

எத்தனை மாதம்! நெட்டு, டவர் என்று எத்தனை மாதம் பேசியிருக்கிறோம்! ஆபரேட்டர்களைத் திட்டின திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்தது.

அட்டையைப் பிய்த்து எறிந்தேன். விரலை ஆற்றில் நனைத்து ஒரு சொட்டு வைத்து, பையில் இருந்த லென்ஸ் துணியால் ஒற்றி எடுத்தேன். கால் போட்டேன்.

ஜெசிந்தா எடுத்தாள். "ஏங்க..." என்றாள். அப்புறம் சத்தமே இல்லை.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்கு. கொஞ்சம் பேசாம இருங்க."

 அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தாடி எப்ப நரைச்சுது?"

"அது ஆச்சு, ரொம்ப நாளு."

"கன்னம் என்ன இப்படி ஒட்டிக் கெடக்கு? பொய் சொல்லக் கூடாது. ஒடம்புக்கு என்ன?"

சொல்லிவிட்டேன். சர்க்கரை வந்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன், எடை குறைந்திருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. அவள் அங்கே தனியாகக் கிடந்து கலங்குவாளே என்று சொல்லாமல் விட்டிருந்தேன். மகளிடமும், "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லி வைத்திருந்தேன்.

"நான் நர்ஸுங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் இங்கன சுகரு பாத்து எழுதிக்கிட்டு இருக்கேன். நீங்க நல்லாருக்கியன்னு நெனச்சுத்தான் நான் இங்கன இருந்தேன்."

  போனைத் திருப்பி ஆற்றைக் காட்டினேன், எனக்கு வேறென்ன தெரியும்?

"ஐயோ" என்றாள். "அந்தப் பாறை தெரியுது. நாங்க துணி வைக்கிற பாறை. தண்ணி இம்புட்டா போகுது?"

"தெனமும் காட்டினேனே?"

"ஒண்ணுமே தெரிஞ்சதில்ல. வெள்ளையாத்தான் தெரியும். நீங்க ஆசையாக் காட்டுதியளேன்னு நல்லாருக்குன்னு சொல்லுவேன்."

கரையில் யாரோ குளித்துவிட்டுப் போனார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வைக்கும் முன்னால் அவள் சொன்னாள்:

"இனிமே அதத் தொடைக்காதீங்க."

"ஏன்?"

"இப்படித் தெளிவாத் தெரிஞ்சா என்னால இங்கன இருக்க முடியாது. மங்கலாவே இருக்கட்டும். பிள்ள படிப்பு முடியட்டும். தொடைக்காதீங்க."

6. துடைத்தேன்

அடுத்த நாள் முழுவதும் குவாரியில் எனக்கு வேலையே ஓடவில்லை. அன்று காற்றும் பலமாக இருந்தது. சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தால் முன்பக்கக் கேமரா மேல் புதுத் தூசி. அப்படியே விட்டால் ஒரு வாரத்தில் பழையபடி மங்கிவிடும். அவளும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பிள்ளை படிப்பும் நடக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். மங்கலாக இருந்தாலே போதும் என்று எந்த ஆபரேட்டர் சொன்னாலும் நான் வண்டியை வெளியே விடமாட்டேன். இது தொழில். ஆனால் நான் யோசித்தது தொழிலைப் பற்றி இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வந்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. வாயால் சொல்லத் தைரியம் இல்லாத ஒன்றை ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துச் சொல்ல முடியும் என்று தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பேன்?

துடைத்தேன். ஆற்றுத் தண்ணீரைத் தொட்டு, ஊறவிட்டு, மெதுவாக, ஒரு டம்பர் லென்ஸைத் துடைக்கிற மாதிரியே துடைத்தேன். அவள் எடுத்ததும் பார்த்தாள். "சொன்னாக் கேக்க மாட்டியளா?" என்று கோபப்பட்டு உடனே வைத்துவிட்டாள். மறுநாளும் துடைத்தேன், அன்றைக்கும் பேசவில்லை, பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். நான் விடவில்லை. அவளும் எடுக்காமல் இருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். அவளே கூப்பிட்டாள்.

"நான் கையெழுத்துப் போடலங்க" என்றாள். "பிள்ளகிட்டயும் பேசிட்டேன். 'வாங்கம்மா, மிச்சத்த சமாளிச்சுக்கலாம்'னு அதுவே சொல்லிட்டு."

"சரி" என்றேன். 

அவள் இன்னும் வந்து சேரவில்லை. வேறு ஆள் வந்து பொறுப்பெடுத்த பிறகுதான் அங்கே விடுவார்களாம். இன்று விடுவார்கள், நாளை விடுவார்கள் என்று போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் அவள் பெட்டி வைக்க அலமாரியில் பாதியை ஒழித்துப் போட்டிருக்கிறேன். அதைத் திறந்து பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

தம்பிகளே, எதிரில் இருப்பவன் முகம் மங்கலாகத் தெரிந்தால் டவரைத் திட்டாதீர்கள். முதலில் உங்கள் லென்ஸைப் பாருங்கள். இவ்வளவு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

இப்போதும் சாயங்காலம் படித்துறைக்குப் போகிறேன். போனை எடுத்து, விரலை ஆற்றில் நனைத்து, துடைத்துவிட்டுத்தான் கூப்பிடுவேன். எப்படி இருக்கிய, சாப்பிட்டியளா என்றெல்லாம் அவள் முதலில் கேட்பதில்லை.

"தொடைச்சாச்சா?" என்பாள்.

"தொடைச்சாச்சு" என்பேன். அப்புறம்தான் வீடியோவைத் திறப்பாள்.